ஓரியன் ஒண்முகிலைப் படம்பிடித்தோர்

திருவாதிரை என்னும் விண்மீனைத் தமிழர் நன்கறிவர். மார்கழித் திங்களில் அதன் பெயரால் விழா எடுப்பது நெடுநாளைய வழக்கம். செம்மை கலந்து ஒளிரும் அம்மீன், மேலைநாட்டார் ஓரியன் என்னும் வேட்டைக்காரனாக உருவகித்த விண்மீன் குழுவின் தோளில் அமைந்துள்ளது. அக்குழுவின் தலையில் காணும் மங்கிய மீன்களே மிருகசீரிடம். இடையில் மூன்று மீன்கள் கச்சை கட்டியதுபோல் ஒரே வரிசையில் நிற்கின்றன. கச்சையிலிருந்து வாள் தொங்குவதுபோல மேலும் சில மீன்கள் தொங்குகின்றன. அவ்வாளின் நடுவிலுள்ள மீனைக் கூர்ந்து நோக்கினால், அது ஏனைய மீன்களைப்போல் கூரிய புள்ளியாக இராது. கரும்பலகையில் எழுதிய வெண்புள்ளியை ஈரக்கை தீண்டியதுபோலச் சற்றே கலைந்து தோன்றும்.

கலைந்து தோன்றும் அந்தப் புள்ளியே ஓரியன் ஒண்முகில். நெபுலா என்னும் இலத்தீன் சொல்லுக்கு மூடுபனி அல்லது முகில் என்பது பொருள். நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில், ஏறத்தாழ 24 ஒளியாண்டு அகலத்திற்குப் பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் கலந்த பெருமுகில் அது. அதன் நடுவில் அண்மையில் பிறந்த வெப்பமிகு விண்மீன்கள் சில உள்ளன. அவை வீசும் புற ஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள வாயு அணுக்களைத் தாக்கி, அவற்றின் எலெக்ட்ரான்களைப் பெயர்த்தெறிகின்றன. பெயர்ந்த எலெக்ட்ரான்கள் மீண்டும் அணுக்களோடு சேரும்போதும், அணுக்களோடு மோதும்போதும் வாயு தானே ஒளிவிடுகிறது. ஆகவேதான் இதனை ஒளி உமிழும் ஒண்முகில் என்று வகைப்படுத்துகின்றனர். பிறர் ஒளியை வாங்கித் திருப்பும் முகில்களும் வானில் உண்டு; அவை வேறு வகை.

விண்மீன்கள் பிறக்கும் இடம் இது என்பதை இன்று பள்ளி மாணவரும் பாடநூலில் படிக்கின்றனர். இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த அதன் ஒளிப்படத்தைக் காணாதவர் அரியர். ஆயினும், கலைந்த புள்ளி ஒன்று இத்தகைய படமாக மாறிய வரலாறு அவ்வளவாக எடுத்துரைக்கப்படுவதில்லை. அரசாங்கச் சம்பளம் பெற்று வானத்தை ஆராய்ந்தோர் அவ்வரலாற்றில் குறைவு. மருத்துவரும், கழிவுநீர்ப் பொறியாளரும், வீடு கட்டும் ஒப்பந்தக்காரரும், துணிக்கடையை விற்றுவிட்டு வந்தவரும் அதில் மிகுதி.

ஒண்முகிலை முதன்முதலில் கண்டெழுதியவரே ஒரு வழக்கறிஞர்தாம். பிரான்சு நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த பெய்ரெஸ்க் என்பார் 1610ஆம் ஆண்டு நவம்பரில் தொலைநோக்கி வழியே அதனைக் கண்டார். அதே ஆண்டில் ஓரியனின் கச்சையையும் வாளையும் வரைந்து நூல் வெளியிட்ட கலிலியோ, ஒண்முகிலைப்பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டது வியப்பே. பின்னர் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் 1656ஆம் ஆண்டில் கண்டு, 1659ஆம் ஆண்டில் அதன் ஓவியத்தை அச்சிட்டார். வால்மீன் வேட்டையில் ஈடுபட்டிருந்த மெசியர் 1769 மார்ச் 4ஆம் நாள் இதனைத் தம் பட்டியலில் சேர்த்தார். வால்மீன் என மயங்கி ஏமாறாதிருக்கத் தொகுத்த பட்டியல் அது. அதில் இதற்குக் கிடைத்த எண் 42. சரியாக ஐந்தாண்டு கழித்து, 1774 மார்ச் 4ஆம் நாள், இங்கிலாந்தின் பாத் நகரில் இசையாசிரியராக இருந்த வில்லியம் ஹெர்ஷல் தாமே செய்த தொலைநோக்கியை இதன்பால் திருப்பினார். அவருடைய வானாய்வுக் குறிப்பேட்டின் தொடக்கப் பதிவுகளுள் ஓரியன் ஒண்முகிலும் ஒன்று.

அன்றிரவு ஹெர்ஷல் குறித்துவைத்த செய்தி ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. அவர் கண்ட உருவம் பழைய நூலில் இருந்த ஓவியத்தோடு ஒத்துவரவில்லை. எனவே ஒண்முகில் மாறிவிட்டது என அவர் கொண்டார். மாறியது முகிலா, வரைந்தவர் கையா? அடுத்த நூறாண்டுக் காலம் வானியலாரை அலைக்கழித்த வினா இதுவே. ஒருவர் வரைந்தது வௌவாலின் சிறகை ஒத்திருந்தது. மற்றொருவர் வரைந்தது விரித்த விசிறியை ஒத்திருந்தது. கண்ணின் கூர்மை, தொலைநோக்கியின் அளவு, அன்றைய வானத்தின் தெளிவு, வரைபவரின் கைத்திறன், அவர் உள்ளத்தில் ஏற்கெனவே இருந்த கொள்கை ஆகிய யாவும் ஓவியத்தில் கலந்துவிட்டன. வானம் ஒன்று, சாட்சிகள் பலர், வாக்குமூலங்களோ ஒன்றுக்கொன்று முரண்.

இதனால் விளைந்த இடர்ப்பாடு சிறிதன்று. 1811ஆம் ஆண்டில் ஹெர்ஷல், இம்முகில்களே உறைந்து திரண்டு விண்மீன்களாகின்றன என்று எழுதினார். அது மெய்யாயின் முகில் வாயுவாக இருத்தல் வேண்டும். அயர்லாந்தில் ராஸ் பிரபு 72 அங்குல ஆடி பொருந்திய மாபெரும் தொலைநோக்கியை 1845ஆம் ஆண்டில் நிறுவினார். ஓரியன் ஒண்முகிலை அதன்வழிக் கண்டவர், அது வாயுவன்று, எண்ணற்ற நுண்மீன்களின் திரளே என்று தோன்றுவதாக மறு ஆண்டு எழுதினார். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தினரும் 1847ஆம் ஆண்டில் அவ்வாறே கண்டதாகக் கூறினர். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி சொன்னதை மறுப்பார் யார்? முகில் திரண்டு விண்மீனாகும் என்ற கொள்கை அத்துடன் மடிந்ததாகவே பலர் எண்ணினர்.

மறுத்தவர் துணிக்கடைக்காரர். வில்லியம் ஹக்கின்ஸ் தம் குடும்ப வணிகத்தை விற்றுவிட்டு, இலண்டனின் டல்ஸ் ஹில் பகுதியில் தம் வீட்டோடு சேர்த்து ஒரு சிறு வானாய்வகம் அமைத்தவர். ராஸ் பிரபுவின் ஆடியோடு ஒப்பிட்டால் அவருடைய தொலைநோக்கி விளையாட்டுப் பொருள். ஆனால் அதன் முனையில் அவர் முப்பட்டகம் பொருத்தியிருந்தார். விண்மீன் ஒளியை முப்பட்டகம் தொடர்ந்த நிறமாலையாக விரிக்கும். மெலிந்த வாயுவின் ஒளியையோ தனித்தனிக் கோடுகளாகவே பிரிக்கும். 1864 ஆகஸ்டு 29ஆம் நாள் வேறோர் ஒண்முகிலிலும், அதன்பின் ஓரியனிலும் அவர் கண்டவை சில ஒளிக்கோடுகளே. முகில் வாயுதான் என்பது உறுதியாயிற்று. பெரிய கருவியிலும் கண் தான் காண விரும்பியதைக் கண்டுவிடும் என்பதற்கு ராஸ் பிரபுவின் பிழையைவிடத் தக்க சான்று வேண்டுவதில்லை.

எனினும் உருவம்பற்றிய வழக்கு தீரவில்லை. முகில் மாறுகிறதா, அன்றா? அதைத் தீர்க்க, விருப்பு வெறுப்பு இல்லாத சாட்சி ஒன்று வேண்டியிருந்தது.

1839ஆம் ஆண்டில் டாகேர் தம் ஒளிப்பட முறையை வெளியிட்டார். மறு ஆண்டிலேயே நியூயார்க் நகரில் வேதியியல் பேராசிரியர் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படம்பிடித்துக் காட்டினார். ஒண்முகிலுக்கு அம்முறை போதாது. 1851ஆம் ஆண்டில் ஆர்ச்சர் கண்ட ஈரத்தகட்டு முறையும் போதவில்லை. கொலோடியன் என்னும் பசை பூசிய கண்ணாடித் தகடு, ஈரம் உலர்வதற்குள் ஒளியை ஏற்று, உடனே கழுவப்படவும் வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஈரம் போய்விடும். ஈரம் போனால் ஒளியை ஏற்கும் ஆற்றலும் போகும். 1871ஆம் ஆண்டில் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், வெள்ளி உப்பைக் கூழ்மமாகிய ஜெலட்டினில் கலந்து உலர்தகடு செய்யும் வழியை வெளியிட்டார். உலர்தகட்டை ஒரு மணி நேரமானாலும் வானத்தை நோக்கி வைத்திருக்கலாம். ஒண்முகிலின் ஒளிப்பட வரலாறு உண்மையில் இங்கேதான் பிறந்தது.

கண்ணுக்கும் தகட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. உள்ளங்கையை நீட்டினால் ஒவ்வொரு சொட்டும் விழுந்து வழிந்தோடும். கை ஒருபோதும் நிரம்பாது. குடத்தை வைத்தாலோ விடிவதற்குள் நிரம்பிவிடும். கண் உள்ளங்கை; தகடு குடம். கண் ஒரு நொடிக்கும் குறைந்த காலத்து ஒளியையே கொண்டு ஒரு காட்சியை அமைக்கிறது. எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் மங்கிய பொருள் மங்கியதாகவே இருக்கும். தகடோ விழுந்த ஒளியையெல்லாம் சேர்த்துக்கொண்டே போகும்.

குடத்தை வைத்தால் மட்டும் போதாது. அது அசையாமலும் இருத்தல் வேண்டும். பூமி சுழல்வதால் வானம் நகர்கிறது. அந்நகர்ச்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியைக் கடிகாரப் பொறி நகர்த்த வேண்டும். பொறி சற்றுத் தளர்ந்தாலும் விண்மீன் கோடாகிவிடும். முற்காலத்தார் பட்ட பாடெல்லாம் இந்த ஒன்றில்தான்.

நிலவைப் படம்பிடித்த பேராசிரியரின் மகன் ஹென்றி டிரேப்பர். 1837ஆம் ஆண்டில் பிறந்த இவர் இருபது வயதுக்குள் மருத்துவக் கல்வியை முடித்துவிட்டார். பட்டம் பெறுவதற்குரிய வயது நிரம்பாமையால் ஓராண்டு ஐரோப்பாவைச் சுற்றிவந்தார். அப்பயணத்தில் அயர்லாந்து சென்று ராஸ் பிரபுவின் தொலைநோக்கியைக் கண்டார். அக்காட்சி அவர் வாழ்வின் போக்கையே மாற்றியது. ஊர் திரும்பி, ஹட்சன் ஆற்றங்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்னும் சிற்றூரில் தந்தையாரின் நிலத்தில் வானாய்வகம் ஒன்றை எழுப்பினார். பகலில் மருத்துவப் பணியும் கல்லூரி ஆசிரியப் பணியும். இரவில் ஆடி தேய்ப்பதும் தகடு கழுவுவதும்.

1867ஆம் ஆண்டில் அவர் மணந்த மேரி அன்னா பாமர் செல்வக் குடும்பத்து மகள். செல்வம் அவர் கொண்டுவந்தவற்றுள் ஒன்றே; மற்றொன்று உழைப்பு. கோடைக் காலத்தில் இருவரும் டாப்ஸ் ஃபெரி என்னும் ஊரில் தங்கியிருந்து, இரண்டு மைல் தொலைவிலுள்ள வானாய்வகத்திற்கு இரவில் செல்வர். ஈரத்தகட்டுக் காலத்தில் தகட்டுக்குப் பசை பூசும் நுட்பமான வேலையை மேரியே செய்தார். வரலாற்று நூல்களில் கணவர் பெயர் பெரிதாகவும் மனைவி பெயர் அடிக்குறிப்பாகவும் அச்சாகியிருப்பது, நூல் எழுதியோரின் கண் எங்கே இருந்தது என்பதையே காட்டுகிறது.

1879ஆம் ஆண்டில் டிரேப்பர் இலண்டன் சென்று ஹக்கின்சைச் சந்தித்தார். புதிய உலர்தகடுகளின் திறத்தை ஹக்கின்ஸ் அவருக்கு எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு, 1880 செப்டம்பர் 30ஆம் நாள், 11 அங்குல வில்லை பொருந்திய தொலைநோக்கியில் உலர்தகட்டை வைத்து, ஓரியன் ஒண்முகிலை நோக்கி 51 நிமிடம் ஒளியேற்கச் செய்தார். உலகில் எந்த ஒண்முகிலுக்கும் அதற்குமுன் ஒளிப்படம் எடுக்கப்பட்டதில்லை. இன்றைய கண் கொண்டு பார்த்தால் அது மிக எளிய படம். நடுப்பகுதி மட்டும் மங்கலாகப் பதிந்தது. விண்மீன்கள் உருண்டையாக இராமல் சற்றே நீண்டு கிடந்தன. ஆயினும் அதுவரை வரையப்பட்ட ஓவியங்களில் எதற்கும் இல்லாத ஒரு தகுதி அதற்கு இருந்தது. அது யாருடைய கருத்துமன்று.

டிரேப்பர் அத்துடன் நிற்கவில்லை. 1882 மார்ச் 14ஆம் நாள் 137 நிமிடம் ஒளியேற்ற தகட்டில், நடுப்பகுதிக்கு அப்பாலும் முகில் விரிந்து பதிந்தது. அதே 1882ஆம் ஆண்டில் எட்வர்ட் ஹோல்டன் என்னும் அமெரிக்க வானியலார், ஹைகன்ஸ் முதல் அந்நாள்வரை வரையப்பட்ட ஓரியன் ஓவியங்களை ஒன்றுசேர்த்து ஒப்பிட்டு ஒரு பெருநூல் வெளியிட்டார். இரு நூற்றாண்டு ஓவியங்களுக்கு முடிவுரை எழுதப்பட்ட அதே காலத்தில், அவற்றின் வழித்தோன்றல் பிறந்துவிட்டது. அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள், நுரையீரல் உறை அழற்சியால் டிரேப்பர் காலமானார். அவருக்கு வயது 45. ஆய்வுக்கே முழுநேரத்தையும் செலவிடலாம் என்று பல்கலைக்கழகப் பணியிலிருந்து அவர் விலகிய ஆண்டும் அதுவே.

அவர் மறைந்து 71 நாள் கழிந்தது. 1883 சனவரி 30ஆம் நாள், இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஈலிங் என்னும் ஊரில், ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடித் தொலைநோக்கியை ஓரியனை நோக்கித் திருப்பினார். தொழிலால் அவர் சுகாதாரப் பொறியாளர். கழிவுநீர்க் குழாய்களும் வடிகால்களும் அவர் துறை. ஆடியைச் செய்தளித்தவர் ஜார்ஜ் கால்வர். தாங்கியை வடிவமைத்தவர் காமன் தாமே. கனத்த தொலைநோக்கி தடையின்றிச் சுழலும்பொருட்டு, அதன் அச்சைப் பாதரசத்தில் மிதக்கச் செய்திருந்தார். நீரின் போக்கையும் குழாயின் பளுவையும் கணக்கிட்டுப் பழகிய மூளைக்கு அது இயல்பாக வந்திருக்கலாம். முந்தைய முயற்சிகளில் தோல்வி கண்டவர், அன்றிரவு எடுத்த 37 நிமிடப் படத்தில் வெற்றி பெற்றார்.

அப்படத்தில் மனிதக் கண் எந்தத் தொலைநோக்கியிலும் கண்டிராத விண்மீன்கள் பதிந்திருந்தன. டிரேப்பரின் படம் கண் கண்டதைக் கண்ணின் துணையின்றிப் பதிந்தது. காமனின் படம் கண் காணாததையே பதிந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அரச வானியல் கழகம் 1884ஆம் ஆண்டில் காமனுக்குத் தங்கப்பதக்கம் வழங்கியது. ஒண்முகிலை ஓவியமாகத் தீட்டி அதனைச் சான்றாகக் காட்டும் வழக்கம் அதன்பின் விரைந்து தேய்ந்தது.

டிரேப்பருக்கு மாமனார் வீட்டுச் செல்வம் இருந்தது. காமனுக்குத் தொழில் தந்த வருவாய் இருந்தது. லிவர்பூலில் கட்டட ஒப்பந்தக்காரராகப் பொருளீட்டிய ஐசக் ராபர்ட்ஸ், 20 அங்குல ஆடியைக்கொண்டு ஓரியனையும் எடுத்தார். 1888ஆம் ஆண்டில் ஆண்டிரமீடாவை எடுத்து அதன் சுருள் வடிவையும் வெளிப்படுத்தினார். ஆர்வம் ஒன்றே அறிவியலை வளர்த்தது என்று மேடையில் பேசுவது எளிது. ஆர்வத்தோடு ஓய்வும் பொருளும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை.

வறுமையிலிருந்து வந்தவரும் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் ஒன்பது வயதிலேயே ஓர் ஒளிப்பட நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். மின்விளக்கு இல்லாத காலம்; படங்களைப் பெரிதாக்கச் சூரிய ஒளியையே பயன்படுத்தினர். அதற்குரிய பெரிய கருவி நாள் முழுதும் சூரியனை நோக்கியே இருக்குமாறு சிறுகச் சிறுகத் திருப்புவது அச்சிறுவனின் பணி. விண்ணில் நகரும் ஒளியைக் கருவியால் பின்தொடரும் பொறுமையை அவர் வறுமையின் பள்ளியில் கற்றார் எனலாம். பின்னர்ச் சொந்தத் தொலைநோக்கி வாங்கி வால்மீன்களைக் கண்டுபிடித்தார். ஒரு வால்மீனுக்கு 200 டாலர் எனக் கிடைத்த பரிசுகளைக்கொண்டு வீடு கட்டினார். கலிபோர்னியாவின் லிக் வானாய்வகம் அவரைப் பணிக்கு அழைத்துக்கொண்டது. ஓரியன் குழு முழுவதையும் வளைத்துக்கிடக்கும் மாபெரும் ஒளி வளையத்தை 1889ஆம் ஆண்டில் வில்லியம் பிக்கரிங் எடுத்த படம் காட்டியிருந்தது; 1894ஆம் ஆண்டில் பார்னார்ட் மிகச் சிறிய வில்லை ஒன்றால் அதனை மீண்டும் படம்பிடித்தார். பார்னார்ட் வளையம் என்றே அது இன்றும் வழங்குகிறது. மாபெரும் தொலைநோக்கிகளின் குறுகிய பார்வையில் அகப்படாதது, விலை குறைந்த ஒரு வில்லையின் அகன்ற பார்வையில் அகப்பட்டது.

காமனின் 36 அங்குலத் தொலைநோக்கி பின்னர் கிராஸ்லி என்னும் செல்வரின் கைக்கு மாறி, அவரால் 1895ஆம் ஆண்டில் லிக் வானாய்வகத்திற்கு அன்பளிப்பாகச் சென்றது. அங்கே ஜேம்ஸ் கீலர் அதனைக்கொண்டு எடுத்த படங்கள், சுருள் வடிவ ஒண்முகில்கள் வானில் எண்ணற்று உள்ளன என்பதைக் காட்டின. டிரேப்பரின் தொலைநோக்கிகள் மூடிக்கிடக்கவும் மேரி விரும்பவில்லை. 1886ஆம் ஆண்டுமுதல் அவர் ஹார்வர்டு வானாய்வகத்திற்குக் கணவர் நினைவாகப் பெரும்பொருள் வழங்கினார். அப்பொருளைக்கொண்டு, பெரும்பாலும் பெண்களின் உழைப்பால், குறிப்பாக ஆனி ஜம்ப் கேனனின் உழைப்பால், 225,300 விண்மீன்களின் நிறமாலைகள் வகைப்படுத்தப்பட்டு, 1918 முதல் 1924 வரை ஹென்றி டிரேப்பர் பட்டியல் என வெளிவந்தன. ஓரியன் ஒண்முகிலின் நடுவில் நின்று, அதனை ஒளிரச் செய்வதில் முதன்மையான வெப்பமீன் ஒன்று உண்டு. அப்பட்டியலில் அதன் எண் 37022. டிரேப்பர் 51 நிமிடம் படம்பிடித்த முகிலை ஏற்றிவைத்த விளக்கே இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஒளிப்படம் உருவத்தைத் தந்தது. உட்பொருளைத் தர வேறு அறிவு வேண்டியிருந்தது. ஹக்கின்ஸ் கண்ட பச்சைக் கோடுகள் உலகில் அறியப்பட்ட எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. நெபுலியம் எனப் புதுத் தனிமம் ஒன்றைக் கற்பித்து அறுபது ஆண்டு காத்திருந்தனர். 1927ஆம் ஆண்டில் ஐரா போவன், அவை இரு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் விடும் ஒளியே என்று நிறுவினார், நெபுலியம் மறைந்தது. விண்மீன் பிறப்பு இன்றும் நிகழ்கிறது என்பதை 1940களில் ஆர்மீனிய அறிஞர் அம்பார்ட்சுமியன் விண்மீன் கூட்டங்களின் இயல்பைக்கொண்டு வாதிட்டார். 1990களில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி, ஓரியன் ஒண்முகிலுள் குழந்தை மீன்களைச் சுற்றித் தட்டுத் தட்டாகத் தூசு சுழல்வதைக் காட்டியது. கோள்கள் உருவாகும் களம் அத்தட்டுகளே. ஹெர்ஷல் 1811ஆம் ஆண்டில் எழுதியதன் உள்ளீடு இவ்வாறு மெய்யாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் பெரிய வானாய்வகங்கள் எழுந்தபின் ஆர்வலரின் பணி முடிந்துவிட்டதாகவே தோன்றியது. அவர்கள் விடாது முயன்றனர். மங்கிய ஒளியில் நெடுநேரம் வைத்த படச்சுருள், நேரம் செல்லச் செல்லத் தன் கூர்மையை இழந்துவிடும். குடத்தின் அடியில் ஓட்டை இருப்பதுபோல. இவ்வியல்பைக் கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்டு முன்பே ஆராய்ந்து கூறியிருந்தார். ஓட்டையை அடைக்க ஆர்வலர் சிலர் படச்சுருளை உலர்பனிக்கட்டியால் குளிரவைத்தனர். 1970களிலும் 1980களிலும் வேறு சிலர் அதனை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சூடாக்கிப் பதப்படுத்தினர். சமையலறையும் ஆய்வுக்கூடமும் ஒன்றாகிய காலம் அது.

1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்த மின்னணு ஒளியுணரிச் சில்லு, பின்னர் இவ்விடர்களையெல்லாம் துடைத்துவிட்டது. அதற்காக அவ்விருவர்க்கும் 2009ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. படச்சுருள் தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கையே பயன்கொண்டது. சில்லு பாதிக்கு மேலும் பயன்கொள்கிறது. ஒரே நெடும்படமாக எடுக்க வேண்டிய கட்டாயமும் போயிற்று. சில நிமிடப் படங்கள் பல எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினால், ஒளி வலுப்பெறும், இரைச்சல் தேயும்.

நிறத்தின் வரலாறு தனிச் சுவை உடையது. ஓரியன் ஒண்முகிலை நேரே தொலைநோக்கியில் காண்போர்க்கு அது சாம்பல் நிறமாகவோ சற்றே பச்சையாகவோ தோன்றும். இரவில் கண் பச்சையை நன்குணரும், செம்மையை உணராது. டிரேப்பரின் தகடு நீலத்தை மட்டுமே உணர்ந்தது. முகிலில் நிறைந்துள்ள ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் விடும் ஆழ்ந்த செம்மை, கண்ணுக்கும் பழந்தகட்டுக்கும் ஒருசேர மறைந்தே கிடந்தது. கடைகளில் விற்கும் மின்னணு ஒளிப்படக் கருவிகளிலும், மனித முகம் இயல்பான நிறத்தில் பதியும்பொருட்டு, அச்செம்மையின் பெரும்பகுதியைத் தடுக்கும் வடிகட்டி உள்ளது. ஆர்வலர் அவ்வடிகட்டியைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்கின்றனர். ஆகவே, எது உண்மை நிறம் என்று மாணவர் வினவினால், யாருடைய கண்ணுக்கு என்று திருப்பி வினவுவதே முறை.

மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நிலநடுக்கோட்டு நாடுகளில் ஓரியன் ஒண்முகில் ஏறத்தாழ உச்சிவானில் கடந்துசெல்கிறது. டிரேப்பருக்கும் காமனுக்கும் வாய்க்காத பேறு இது. இடையூறுகளும் உண்டு. ஓரியன் மாலையில் எழும் திங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. தொலைநோக்கியின் அச்சை ஒப்பிட்டு நிறுத்தத் துணைபுரியும் துருவமீன், சிங்கப்பூரில் அடிவானத்திலிருந்து ஒரே பாகை உயரத்தில் புகைக்குள் மறைந்துகிடக்கும். 2016ஆம் ஆண்டில் வெளியான உலக ஆய்வொன்று, இரவுவானம் செயற்கை ஒளியால் மிகவும் மாசுற்ற நாடு சிங்கப்பூர் எனக் கணித்தது. ஆயினும் ஹைட்ரஜனின் செம்மையை மட்டும் விட்டு ஏனைய ஒளியைத் தடுக்கும் குறுகிய வடிகட்டியைப் பொருத்தி, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவிலிருந்தும் இன்று ஓரியனைப் படம்பிடிக்க இயலும்.

படம் பிடிப்பது ஒன்று. பிடித்த படத்தைப் பார்ப்பது மற்றொன்று. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் ஜே மெக்நீல் என்னும் ஆர்வலர், 2004 சனவரி 23ஆம் நாள், 3 அங்குல வில்லைத் தொலைநோக்கியால் மெசியர் 78 என்னும் ஒண்முகிலைத் தம் வீட்டிலிருந்து படம்பிடித்தார். அதுவும் ஓரியன் குழுவிலேயே, விண்மீன்கள் பிறக்கும் மற்றொரு பகுதியில் உள்ளது. படத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு சிறு முகில் அதன் அருகே ஒளிர்வதைக் கண்டார். வேறொருவர் அதனைத் தகட்டுக் குறை என்று துடைத்துவிட்டிருக்கக்கூடும். அவர் துடைக்கவில்லை, வானியலார்க்கு அறிவித்தார். ஹவாயிலுள்ள பெருந்தொலைநோக்கிகள் அதன்பால் திரும்பின. தூசில் புதைந்திருந்த இளமீன் ஒன்று திடீரென ஒளி மிகுந்து, தன்னைச் சூழ்ந்த தூசை ஒளிரச் செய்திருந்தது. அது ஒளி உமிழும் முகிலன்று. ஒளியைத் திருப்பும் வகை. ஆனால் ஒரு விண்மீன் வளரும் பருவத்தில் சுற்றுப்புற வாயுவை விழுங்கிக் கொழுந்துவிடும் காட்சியை நேரில் காணும் அரிய வாய்ப்பு அது. மெக்நீல் ஒண்முகில் என்று அதற்குப் பெயரிட்டனர். ஈராண்டுக்குள் அது மங்கியது. 2008ஆம் ஆண்டில் மீண்டும் ஒளிர்ந்தது.

முன்னும் இவ்வாறு ஒளிர்ந்ததுண்டா என வானியலார் பழைய படங்களைத் துருவினர். பல படங்களில் அவ்விடம் இருண்டே கிடந்தது. எவரெட் கிரைமர் என்னும் அமெரிக்க ஆர்வலர் 1966 அக்டோபரில் எடுத்த மெசியர் 78இன் படத்தில் மட்டும் அச்சிறு முகில் தெளிவாக இருந்தது. அப்படம் பெட்டியில் பூட்டிக்கிடந்த படமன்று. மெசியர் பட்டியல் முழுவதற்கும் படங்களோடு 1978ஆம் ஆண்டில் வெளிவந்து, உலகெங்கும் ஆர்வலர் கைகளில் தவழ்ந்த நூலில் அச்சாகியிருந்த படம். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக ஆயிரக்கணக்கானோர் அந்நூலைப் புரட்டி, மெசியர் 78ஐ ஒப்பிட்டுப் பார்த்தும், அதன் ஓரத்தில் வெண்மையாகத் தெரிந்த அம்முகிலை, 2004ஆம் ஆண்டுவரை ஒருவரும் கேள்விக்குள்ளாக்கவில்லை.